நாட்டுக் குரங்குக்குக் கண்ணிமை டியூபர்குலினில் கிரேடு 3: அடுத்து என்ன செய்வது?

மந்திக்கூடு (கேள்வி)

மீட்பு மையம். ஒரே கூண்டில் 14 நாட்டுக் குரங்குகள். காசநோய் இருக்கிறதா என்று பார்க்க எல்லாவற்றுக்கும் வலது மேல் கண்ணிமையில் டியூபர்குலின் (காசநோய்க் கிருமியின் புரதக் கலவை) போட்டு 24, 48, 72 மணி நேரத்தில் பார்த்தாயிற்று.

சந்தேகம் ஒன்றின் மேல்தான். ஆண், சுமார் 5 வயது, 6.2 கிலோ. 24 மணியில் லேசான சிவப்பு. 48-ல் இமை மிதமாக வீங்கியது, கண் திறக்கிறது, இமை தொங்கவில்லை. 72-லும் அதே நிலை. 0 முதல் 5 வரையான அளவில் கிரேடு 3 என்று எழுதியிருக்கிறோம். நன்றாகச் சாப்பிடுகிறது, இருமல் இல்லை, மார்பு எக்ஸ்ரே சுத்தம். மீதி 13-ம் கிரேடு 0 அல்லது 1.

1. மறுபடி எப்போது, எந்த இடத்தில் போட வேண்டும்?
2. ரத்தத்தில் என்ன பார்க்கலாம்?
3. இப்போதே பிரித்து வைக்க வேண்டுமா, உறுதியான பிறகு போதுமா?

இன்னொரு தகவல், தொடர்பு இருக்கிறதா தெரியவில்லை. அதே கூண்டில் ஒரு கிழட்டுப் பெண் குரங்கு மூன்று மாதத்தில் 3.9 கிலோவிலிருந்து 3.3-க்கு இறங்கியிருக்கிறது. பல் தேய்ந்ததால் என்று நினைக்கிறோம். அதற்கு டியூபர்குலின் கிரேடு 0.

இமைவீக்கம்

பதில் சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். போட்டது எந்த டியூபர்குலின், 0.1 மி.லி.-யில் எத்தனை யூனிட்? ஊசி போட்டவுடன் இமையில் சின்னக் கொப்புளம் எழும்பியதா?

பிரிப்பது பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. கிரேடு 3 என்றால் ‘பாதி நெகட்டிவ்’ என்று அர்த்தம் இல்லை. இன்றே பிரியுங்கள். பக்கத்துக் கூண்டுக்கு மாற்றுவது பிரிப்பதாகாது, மூச்சுக் காற்று பகிராத வேறு அறை வேண்டும். அந்தக் கிழவியையும் சேர்த்துப் பிரியுங்கள், ஆனால் ஆணோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். எனக்கு உங்கள் ஆணைவிட அவள் மேல்தான் கவலை அதிகம்.

மந்திக்கூடு

மருந்துக் கடையில் கிடைக்கும் மனிதர்களுக்கான பிபிடி (சுத்திகரித்த டியூபர்குலின்), 0.1 மி.லி.-க்கு 5 டியூ (டியூபர்குலின் யூனிட்). சிரிஞ்ச் 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்ச், ஊசி 26 ஜி. கொப்புளம் பெரும்பாலானவற்றுக்கு எழும்பியது. நான்கைந்துக்கு எழும்பவில்லை, மருந்து உள்ளே போனது மட்டும் தெரியும்.

இமைவீக்கம்

அப்படியானால் உங்கள் 13 நெகட்டிவையும் அடித்துவிடுங்கள். அவை நெகட்டிவ் அல்ல, டெஸ்ட் செய்யப்படாதவை.

நாட்டுக் குரங்கு உட்பட மக்காக் இனக் குரங்குகளின் தோல் டியூபர்குலினுக்கு மனிதத் தோலைப் போல எளிதில் எதிர்வினை காட்டாது. மனிதனுக்கு 5 யூனிட் போதும். குரங்குக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது நீர்க்காத பழைய டியூபர்குலின், 0.1 மி.லி.-யில் 1,500 யூனிட். முந்நூறு மடங்கு வித்தியாசம். 5 டியூ போட்டால் நோய் உள்ள குரங்கும் இமையைச் சிமிட்டிவிட்டுப் போய்விடும். பழைய டியூபர்குலின் கிடைக்காவிட்டால் மாடுகளுக்கான போவைன் பிபிடி பயன்படுத்தலாம். லேபிளில் 0.1 மி.லி.-க்கு 1,500 யூனிட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டு மருந்தில் வழக்கமாக 2,000 அல்லது அதற்கு மேல் இருக்கும்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. 5 டியூவுக்கே ஒரு குரங்கு 48-ல் வீங்கி 72 வரை நிலைத்திருக்கிறது என்றால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. ஊசி கீறியதால் வரும் வீக்கம் 24 மணியில் உச்சத்தில் இருந்து 48-க்குள் வடியும். உண்மையான தாமத எதிர்வினை 24-க்குப் பிறகுதான் ஏறும். உங்கள் குறிப்பில் இருப்பது இரண்டாவது மாதிரி.

மறுபரிசோதனை: இரண்டு வாரம் கழித்து, எல்லா 14-க்கும், இந்த முறை இடது இமையில். ஒவ்வொரு முறையும் கண்ணை மாற்றுங்கள்.

முறை இப்படி. மயக்க மருந்து கெட்டமைன், கிலோவுக்கு 10 மி.கி. தசையில். கிழவிக்குக் குறைத்துப் போடுங்கள், உடல் சூடு இறங்காமல் துணி போர்த்துங்கள். இமையை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டாம், கண்ணில் இறங்கி எரிந்தால் அந்தச் சிவப்பையே நீங்கள் கிரேடு போட நேரிடும். சலைன் நனைத்த பஞ்சு போதும். 27 ஜி ஊசி, துளை மேல் நோக்கி இருக்க, மேல் இமை விளிம்புக்கு இணையாக, விளிம்பை ஒட்டித் தோலுக்குள் நுழையுங்கள். ஊசி முனை தோலின் அடியில் நிழலாகத் தெரிய வேண்டும். தள்ளும்போது பிஸ்டன் எதிர்க்க வேண்டும். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் தோலுக்கு அடியில் போய்விட்டது என்று அர்த்தம். பயறு அளவுக்கு வெளிறிய கொப்புளம் எழும்பாவிட்டால் அந்தக் குரங்குக்கு ‘போட்டாயிற்று’ என்று எழுதாதீர்கள், மறுமுறை போட வேண்டியவை பட்டியலில் சேருங்கள். குரங்குக்கு ஒரு புது ஊசி.

பார்க்கும்போது மயக்கம் தேவையில்லை, இமையைத் தேர்ந்தெடுத்ததே கூண்டுக்கு வெளியே நின்று பார்க்க முடியும் என்பதற்காகத்தான். 0 ஒன்றுமில்லை, 1 ரத்தக் கட்டு, 2 சிவப்பும் மிகக் குறைந்த வீக்கமும், 3 மிதமான வீக்கம், 4 வெளிப்படையான வீக்கத்தோடு இமை தொங்கும், 5 இமை மூடிக்கொண்டு திசு கருகும். 4, 5 பாசிட்டிவ். 3 சந்தேகம். மூன்று நாளும் ஒரே ஆள் பார்க்கட்டும், இரண்டு கண்ணும் தெரிய ஒரே கோணத்தில் போட்டோ எடுக்கட்டும். இரண்டு கண்ணும் வீங்கியிருந்தால் அது டியூபர்குலின் சமாச்சாரம் அல்ல.

நுண்ணோக்கி

இமைவீக்கம் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஆணைப் பற்றி அவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வர வேண்டாம். டியூபர்குலின் என்பது நூற்றுக்கணக்கான புரதங்கள் கலந்த கஷாயம். சுற்றுப்புறத்து மைகோபாக்டீரியா (காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள்), குறிப்பாக ஏவியம் கூட்டம், மண்ணிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பறவை எச்சத்திலும் இருப்பது, இதே வீக்கத்தைத் தரும். முன்பு ஆய்வகத்தில் இருந்த குரங்கு என்றால் முழு ஃப்ராய்ண்ட் துணைமருந்து (ஆய்வில் எதிர்ப்பைத் தூண்டப் போடுவது) போட்டார்களா என்று கேளுங்கள். அதில் கொன்ற காசநோய்க் கிருமியே இருக்கிறது, பல வருஷத்துக்குப் பாசிட்டிவ் காட்டும்.

ஆணுக்கு ஒப்பீட்டுப் பரிசோதனை செய்யுங்கள். வயிற்றுத் தோலில் முடி மழித்து, சில செ.மீ. தள்ளித் தள்ளி இரண்டு இடம் குறித்து, ஒன்றில் போவைன் பிபிடி, மற்றதில் ஏவியன் (ஏவியம் கிருமியிலிருந்து செய்த) பிபிடி, தலா 0.1 மி.லி. போடும் முன் காலிப்பரால் தோல் மடிப்பின் கனம் அளந்து எழுதுங்கள், 72 மணியில் மறுபடி. ஏவியன் பக்கம் தெளிவாக அதிகம் என்றால் சுற்றுப்புறக் கிருமி என்ற பக்கம் சாயலாம். போவைன் பக்கம் அதிகமோ இரண்டும் சமமோ என்றால் காசநோய் என்றே வைத்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

ரத்தம் பற்றிய கேள்விக்கு: இரண்டு வகை இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு கட்டத்து நோயைப் பிடிப்பவை.

ஒன்று இன்டர்ஃபெரான் காமா. ரத்தத்தைக் காசநோய்ப் புரதங்களோடு ஊறவைத்து, டி செல்கள் பழைய எதிரியை அடையாளம் காண்கின்றனவா என்று பார்ப்பது. அந்தப் புரதங்களான ஈசாட்-6, சிஎஃப்பி-10 இரண்டும் பிசிஜி தடுப்பூசியில் இல்லை, ஏவியத்திலும் இல்லை. அதனால் தோல் டெஸ்டைவிடக் குறிபார்த்து அடிக்கும். ஆனால் கன்சாசி என்ற சுற்றுப்புறக் கிருமியில் இந்தப் புரதங்கள் உண்டு, ஆகவே நூறு சதம் என்று நினைக்க வேண்டாம். இந்த டெஸ்டுக்கென்றே விற்கும் குவான்டிஃபெரான் குழாய்கள் எளிது: நான்கு குழாய், ஒவ்வொன்றிலும் சரியாக 1 மி.லி., உட்சுவர் முழுக்க ரத்தம் படும்படி 10 முறை குலுக்கி, 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம். எடுத்த 16 மணி நேரத்துக்குள் இன்குபேட்டருக்குள் போய்விட வேண்டும், அதுவரை ஐஸில் வைக்கக் கூடாது. பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த படியில். அந்தக் கிட்டோடு வரும் எலைசா (அளக்கும் பரிசோதனை) மனித இன்டர்ஃபெரானுக்குச் செய்தது. அதில் உள்ள ஆன்டிபாடி குரங்கின் இன்டர்ஃபெரானை ஒழுங்காகப் பிடிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. குழாயை வைத்துக்கொண்டு, அளக்கும்போது குரங்குக்கு என்று செய்த எலைசாவைப் பயன்படுத்துங்கள். டி செல்கள் எப்படியும் எழும்ப வேண்டிய மைட்டஜன் குழாயே (ஒப்பீட்டுக்கானது) எழும்பாவிட்டால் ரிசல்ட் நெகட்டிவ் அல்ல, ‘சொல்ல முடியாது’.

இரண்டாவது ஆன்டிபாடி. உடலில் கிருமிச் சுமை ஏறிய பிறகுதான் ஆன்டிபாடி நன்றாக எழும்பும். புதுத் தொற்றில் பயனில்லை. முற்றிய நோயில், தோல் மௌனமான பிறகு, இதுதான் பேசும். குரங்குகளுக்கு என்றே ப்ரைமா டிபி ஸ்டாட்-பாக் என்ற பட்டை வந்தது, கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரி, 20 நிமிடத்தில் கோடு பார்ப்பது.

ரத்தம் எடுப்பது தோல் ஊசி போடும் அதே மயக்கத்தில், ஊசிக்கு முன். ஆன்டிபாடிக்கு மட்டும் ஊசி போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்தால் லாபம். டியூபர்குலினே தூண்டிவிட்டு ஆன்டிபாடி ஏறுவது மாடுகளில் நன்றாகத் தெரிந்த விஷயம். 3.3 கிலோ உடலில் ரத்தம் 200 மி.லி. அளவுக்குத்தான் இருக்கும். ஒரே தடவையில் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள், மெலிந்த குரங்குக்கு அதிலும் பாதியோடு நிறுத்துங்கள். நான்கு குழாய்க்கும் சீரத்துக்கும் அது தாராளம்.

மந்திக்கூடு

நன்றி சார். ஒரே குழப்பம். இரண்டு பேருமே கிழவியைத்தான் சொல்கிறீர்கள். அவளுக்கு எந்த எதிர்வினையும் இல்லை, எக்ஸ்ரேயிலும் குழி, சுண்ணாம்புப் படிவு எதுவும் தெரியவில்லை. 5 டியூ போதாது என்பது புரிகிறது. சரியான அளவு போட்டு அப்போதும் 0 வந்தால் அவளை விடலாமா?

இமைவீக்கம்

விடக் கூடாது. சரியான அளவு போட்டு 0 வந்து, எடையும் இறங்கிக்கொண்டே போனால் கவலை இன்னும் கூடும்.

தோல் டெஸ்ட் நோயை அளப்பதில்லை, உடலின் எதிர்ப்பை அளக்கிறது. தொற்று ஏறிய முதல் சில வாரங்களுக்கு அந்த எதிர்ப்பு உருவாகியிருக்காது. நோய் முற்றி உடல் தளர்ந்த பிறகு அது அணைந்துபோயிருக்கும். நடுவில் உள்ள காலத்தில்தான் இமை வீங்கும். நோய் முற்றி எதிர்ப்பு அணைந்துபோன கூட்டம்தான் கூண்டையே காலி செய்வது. நுரையீரல் முழுக்கக் கிருமி, இமையில் ஒன்றும் இருக்காது. இளம் ஆணின் உடல் சண்டை போடுகிறது, அதனால் வீங்குகிறது. அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முதலில் விரல் நீள்வது கூண்டில் இளைத்துக்கொண்டே போகும் உருப்படியை நோக்கித்தான்.

எக்ஸ்ரேயை நம்பாதீர்கள். மனிதர்களில் பார்க்கும் குழியும் சுண்ணாம்பும் குரங்குகளில் அபூர்வம். படம் சுத்தமாக இருந்து பிரேதப் பரிசோதனையில் நுரையீரல் நிணநீர்க் கணுக்கள் தயிர்க்கட்டியாக வெளிவருவது புதிதல்ல. கையால் தடவிப் பாருங்கள்: கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. நெறி கட்டியிருக்கிறதா, எங்காவது உடைந்து சீழ் வடிகிறதா. முதுகெலும்பில் கூன், பின்கால் இழுப்பு இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பை அணைக்கும் மற்றவற்றையும் சரிபாருங்கள். ஸ்டீராய்டு ஏதாவது போகிறதா? அண்மையில் தட்டம்மை வந்த ஆள் யாராவது கூண்டருகில் போனார்களா? தட்டம்மையும் அதன் உயிர்த் தடுப்பூசியும் தோல் எதிர்வினையைச் சில வாரங்களுக்கு அமுக்கிவிடும். யாராவது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஐசோநயசிட் கொடுத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். நோய் போகாமல் டெஸ்ட் மட்டும் நெகட்டிவ் ஆகிவிடும், இருப்பதிலேயே மோசமான நிலை அது.

நுண்ணோக்கி

அவளுக்கு இனி எதிர்ப்பைத் தேட வேண்டாம், கிருமியையே தேடுங்கள். குரங்கு சளியைத் துப்பாது, விழுங்கும். அதனால் இரண்டு இடத்தில் தேட வேண்டும்: மூச்சுக்குழாயிலும் இரைப்பையிலும். ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடலாம்.

முந்தைய இரவிலிருந்து தீனி கிடையாது, ஆனால் மெலிந்த கிழவி என்பதால் தண்ணீரை நிறுத்தாதீர்கள், முதல் ஆளாகக் காலையில் எடுங்கள். கெட்டமைன் மட்டும் போதாது, குரல்வளை சுருங்கும். கூடவே மிடசோலம். லிக்னோகைன் தெளித்தால் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், அது மைகோபாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும்.

முதலில் மூச்சுக்குழாய். 3.5 அளவு ஸ்டெரைல் என்டோட்ராக்கியல் குழாய் போட்டு, அதன் வழியாக மெல்லிய ஃபீடிங் ட்யூபை இனி போகாது என்ற இடம் வரை இறக்குங்கள். ஸ்டெரைல் சலைன் 5 மி.லி. விட்டு உடனே உறிஞ்சுங்கள். பாதி திரும்பி வந்தாலே நல்லது. இரண்டு முறை செய்யலாம். சலைனில் ப்ரிசர்வேடிவ் இல்லாததா என்று பாட்டிலைப் பாருங்கள்.

அதே குழாய் காற்றுப்பாதையைக் காத்துக்கொண்டிருக்கும்போதே இரைப்பை. நாசியிலிருந்து கடைசி விலா வரை ட்யூபை அளந்து குறியிட்டு, வாய் வழியாக விடுங்கள். முதலில் இருப்பதை உறிஞ்சுங்கள். பிறகு 10 மி.லி. சலைன் விட்டு எடுங்கள். இங்கே ஒரு நிமிடத்துத் தாமதமும் கணக்கு: இரைப்பை அமிலம் கிருமியைக் கொல்லும். சேகரிக்கும் குழாயிலேயே 100 மி.கி. சோடியம் கார்பனேட் போட்டு வைத்திருங்கள், பிஎச் தாளில் 7 வரும் வரை சரிசெய்யுங்கள். ‘லேப் போய்ப் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) நெகட்டிவ் வரும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள், தவறான நிம்மதி.

குழாய் கழுவவோ ஸ்லைடு கழுவவோ பைப் தண்ணீர் கூடாது. அதில் உள்ள சுற்றுப்புற மைகோபாக்டீரியா சாயத்தில் காசக்கிருமி போலவே சிவப்புக் குச்சியாகத் தெரியும்.

சாம்பிள் 4 டிகிரியில், உறைய வைக்காமல், மூன்றடுக்கு உறையில் மறுநாளைக்குள் போய்ச் சேர வேண்டும். மனிதச் சளி பார்க்கும் லேப்கள் விலங்கு சாம்பிளைத் திருப்பி அனுப்பும். முன்கூட்டியே பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே குரங்கை மயக்குங்கள்.

கண்ணாடிச்சில்லு

லேப் பக்கத்திலிருந்து சில சேர்க்கிறேன்.

காசக்கிருமியைச் சிவப்பாகக் காட்டும் சீல்-நீல்சன் சாயத்தில் குச்சி தெரிய ஒரு மி.லி.-யில் 5,000 முதல் 10,000 வரை கிருமி இருக்க வேண்டும். கழுவிய நீரில் அவ்வளவு இருப்பது முற்றிய நோயில்தான். எனவே ஸ்மியர் (சாயமிட்ட ஸ்லைடு) நெகட்டிவ் என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு கூண்டைத் திறந்துவிடாதீர்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ரா ஒரு மி.லி.-க்கு 16 அளவு வரை இறங்கும், பழைய கார்ட்ரிட்ஜுக்கு நூறுக்கு மேல் வேண்டும். இரண்டுமே மனிதச் சளிக்குச் சான்று பெற்றவை. குரங்கில் பாசிட்டிவ் வந்தால் மதிப்புண்டு, நெகட்டிவ் வந்தால் அது பாதிச் செய்தி.

தனியார் லேப்பில் சாதாரண பிசிஆர் செய்கிறார்கள் என்றால் எந்த ஜீனைக் குறிவைக்கிறார்கள் என்று கேளுங்கள். ஐஎஸ்6110 என்ற டிஎன்ஏ துண்டு மட்டும் என்றால் நம் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது. தென்னிந்தியக் காசநோய்க் கிருமிகளில் கணிசமானவற்றில் அது ஒரே ஒரு பிரதிதான், சிலவற்றில் அறவே இல்லை. வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரையில் பிரமாதமாக வேலை செய்த பிரைமர் இங்கே கோட்டை விடுவது இதனால்தான். இரண்டாவதாக வேறொரு ஜீனும் இருக்க வேண்டும்.

கல்ச்சருக்கு அனுப்பும்போது ‘குரங்கு சாம்பிள், போவிஸ் சந்தேகமும் உண்டு’ என்று சீட்டில் எழுதுங்கள் (போவிஸ் என்பது மாட்டுக் காசநோய்க் கிருமி). வழக்கமான லோவன்ஸ்டைன்-ஜென்சன் என்ற திட ஊடகத்தில் கிளிசரால் இருக்கும். மனிதக் காசநோய்க் கிருமியான ட்யூபர்குளோசிஸ் அதில் செழிக்கும், போவிஸ் முக்கி முனகும். பைருவேட் சேர்த்த குழாய் ஒன்றும் கூடவே போட வேண்டும். திட ஊடகத்தில் 8 வாரம், எம்ஜிஐடி என்ற திரவ ஊடகத்தில் 6 வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ‘வளரவில்லை’ என்று யாராவது சொன்னால் அது இடைக்கால அறிக்கை.

எந்த இனம் என்று கடைசி வரை போய்ப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ட்யூபர்குளோசிஸ் என்றால் மூலம் பெரும்பாலும் மனிதன். போவிஸ் என்றால் பச்சைப் பால், மாட்டுக் கொட்டகை. மூன்றாவதாக ஒரிகிஸ், அதே குடும்பத்தின் இன்னொரு கிருமி. 2017-ல் வெளியான வங்காளதேச ஆய்வில் பால் மாடுகளிலும் பிடித்து வைத்த குரங்குகளிலும் அதைக் கண்டார்கள். சென்னையில் புள்ளிமானிலிருந்தும் பிரித்திருக்கிறார்கள். ஜீன்எக்ஸ்பர்ட் இந்த மூன்றையும் ஒரே பெயரில்தான் சொல்லும். பிரித்துச் சொல்ல கல்ச்சரும் அதற்கு மேல் ஜீன் ஆய்வும் வேண்டும்.

கூண்டுச்சாவி

டெஸ்ட் பற்றி எல்லாம் வந்துவிட்டது, பராமரிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

கூண்டைப் ப்ரஷர் பைப்பால் அடிக்காதீர்கள், எச்சத்தில் உள்ளதைக் காற்றில் ஏற்றுகிறீர்கள். நனைத்து, துடைத்து, அள்ளுங்கள். தரை கழுவும் வாசனை லிக்விட்களில் பல பென்சால்கோனியம் வகை, அவற்றில் காசக்கிருமி சாகாது. குளோர்ஹெக்சிடினிலும் சாகாது. அழுக்கை முதலில் எடுத்துவிட்டு 1 சதவீத ஹைப்போகுளோரைட் அல்லது 5 சதவீத ஃபீனால், குறைந்தது 20 நிமிடம் ஊற வேண்டும். நகர்த்தக்கூடிய தட்டு, பலகைகளை வெயிலில் போடுங்கள். நம் ஊர் வெயில் இலவசம்.

வேலை வரிசை: நல்ல கூண்டு முதலில், சந்தேகக் கூண்டு கடைசியில். அதற்குத் தனி வாளி, தனி துடைப்பம், தனி ரப்பர் செருப்பு. துணி மாஸ்க் போதாது, என்95. மக்காக் எச்சில் கண்ணில் தெறிக்கக் கூடாது என்பதால் கண்ணாடியும் வேண்டும். கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை.

முக்கியமானது: பராமரிப்பாளர்கள் அத்தனை பேரும், சமையல்காரர், காவலாளி உட்பட, சளி, எக்ஸ்ரே பரிசோதனைக்குப் போகட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் ஆள் கூண்டுப் பக்கம் வரக் கூடாது. இதை அவர்கள் மேல் குற்றம் சாட்டுகிற தொனியில் செய்தால் இருமலை மறைப்பார்கள், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். பார்வையாளர் கடித்துவிட்டு எறியும் பண்டமும் ஒரு வழி. குட்டிகளுக்குப் பால் கொடுத்தால் பொங்கக் காய்ச்சியது மட்டும்.

மந்திக்கூடு

எல்லோருக்கும் நன்றி. நாளை இருவரையும் தனித்தனி அறைக்கு மாற்றுகிறோம். போவைன் பிபிடிக்குக் கடிதம் எழுதியாகிறது. மீதி 12-க்கு எத்தனை முறை டெஸ்ட் செய்ய வேண்டும்? கிழவி இடையில் இறந்துவிட்டால் என்ன சேகரிப்பது? கருணைக்கொலை பற்றியும் பேச்சு வருகிறது.

இமைவீக்கம்

முறை எண்ணிக்கை: புதிதாக வரும் குரங்குக்கு இரண்டு வார இடைவெளியில் மூன்று நெகட்டிவ் என்பது அமெரிக்க இறக்குமதி விதியிலேயே உள்ள குறைந்தபட்ச அளவு, அங்கே 31 நாள் தனிமைப்படுத்தல். உங்களுடையது புதுக் குரங்கு அல்ல, தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடிய கூட்டம். கடைசிப் பாசிட்டிவை வெளியேற்றிய நாளிலிருந்து எண்ணி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கூட்டம் முழுவதும் தொடர்ந்து ஐந்து முறை நெகட்டிவ் வர வேண்டும். நடுவில் ஒன்று பாசிட்டிவ் ஆனால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. அதற்குள் ஒரு குரங்கும் உள்ளேயும் வரக் கூடாது, வெளியேயும் போகக் கூடாது. வாரம் ஒரு முறை எடை. 10 சதவீதம் இறங்கிய எதையும் டெஸ்ட் ரிசல்ட் என்னவாக இருந்தாலும் மூச்சுக்குழாய், இரைப்பை கழுவி எடுக்க வேண்டியவை பட்டியலில் சேருங்கள். உங்கள் கிழவி இறங்கியது 15 சதவீதம்.

கருணைக்கொலை உங்கள் மேசையில் எடுக்கும் முடிவல்ல. வனவிலங்குச் சட்டத்தின் கீழ் உள்ள விலங்கு, முதன்மை வனவிலங்குக் காப்பாளர் வழியாகப் போக வேண்டும். கல்ச்சர் வரும் வரை காத்திருக்காமல், எதிர்வினைப் போட்டோ, எடை அட்டவணை, லேப் சீட்டு எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பாகச் சேர்த்து வையுங்கள்.

கண்ணாடிச்சில்லு

இறந்தால்: உடலைத் திறக்கும் முன் தோலை நன்றாக நனையுங்கள், முடியிலிருந்து தூசி எழும்பக் கூடாது. மின்ரம்பம் வேண்டாம். மேசையில் என்95 போட்டவர்கள் மட்டும்.

முதலில் பார்க்க வேண்டியது மூச்சுக்குழாய் பிரியும் இடத்தில் உள்ள கணுக்கள். பிறகு நுரையீரல், மண்ணீரல், கல்லீரல், குடல்தாங்கிக் கணுக்கள். குடல் பக்கம் அதிகம், நுரையீரல் பக்கம் குறைவு என்றால் தீனி அல்லது பால் வழி என்று யோசியுங்கள். கண்ணில் கட்டி எதுவும் படாவிட்டாலும் அந்தக் கணுக்களை வெட்டிச் சேகரியுங்கள்.

கட்டி தெரிந்தாலும் உடனே பெயர் வைக்காதீர்கள். நுரையீரல் உண்ணியும் மஞ்சள் நிறத்துச் சிறு புள்ளிகளாக இருக்கும், ஆனால் வெட்டினால் உள்ளே குழி, நுண்ணோக்கியில் உண்ணியே தெரியும். பெருங்குடல் சுவரில் உள்ள முடிச்சுகள் பெரும்பாலும் புழு. மெலியோய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோயின் சீழ்க்கட்டி நம் கடலோர மாவட்டங்களில் மறக்கக் கூடாதது. அதைக் காசக்கிருமிக்கான சாயத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாதாரண கல்ச்சர் தட்டில்தான் வளரும். அதனால் இரண்டு கல்ச்சருக்கும் சாம்பிள் போக வேண்டும்.

ஒவ்வொரு கணுவையும் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதி 10 சதவீத ஃபார்மலினில், திசுவின் பத்து மடங்கு திரவம். மறு பாதி எதுவும் சேர்க்காமல் ஸ்டெரைல் டப்பாவில், ஐஸில். முழுவதையும் ஃபார்மலினில் போட்டு அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதில் திசுப் படம் கிடைக்கும், மெனக்கெட்டால் பிசிஆர் கிடைக்கும், ஆனால் கல்ச்சர் வராது. ட்யூபர்குளோசிஸா போவிஸா ஒரிகிஸா, எந்த மருந்துக்கு எதிர்ப்பு என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும். டப்பாவின் மூடியில் எழுதாதீர்கள், லேப்பில் மூடி மாறும். பக்கவாட்டில் பென்சிலால் எழுதிய ஒட்டுச்சீட்டு.